கோளாறு டப்பாவில் இல்லை, கேபிளில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பால்பவுடர் டப்பாவில் வைஃபை ஆன்டெனா செய்து, எதிர்ச்சாரி வீட்டு மொட்டைமாடிக்கு இணைப்பு கொடுக்கலாம் என்று காயலான் கடைக்கும் ரிச்சி தெருவுக்கும் அலைபவர்கள் வடசென்னையில் உண்டு. செய்யலாம்தான். ஆனால் எல்லா டப்பாவும் ஆகாது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உள்விட்டம் 9 செ.மீ., நீளம் பதினைந்தரை செ.மீ. வேண்டும். மூடிய அடிப்பக்கத்திலிருந்து 51 மி.மீ. தள்ளித் துளையிட்டு ஆன்டெனா கேபிளை மாட்டும் என்-டைப் சாக்கெட்டை முடுக்கி, அதன் நடு ஊசியில் செம்புக் கம்பியைப் பற்றவைத்து, உள்ளே 31 மி.மீ. நிற்கும்படி நறுக்க வேண்டும். உள்விட்டம் 7 செ.மீ. என்றால் அலை உள்ளே ஓடவே ஓடாது. 10 செ.மீ. என்றால் வேறொரு அலைவடிவமும் சேர்ந்து திசை குழம்பும்.

இவ்வளவும் சரியாக அமைந்தபின் காலை வாருவது கேபிள். மாடியில் டப்பா, கீழே கூடத்தில் ரூட்டர், நடுவில் ஆர்ஜி-58 என்ற ஆன்டெனா கேபிள் 5 மீட்டர். இந்த அலைவரிசையில் அது மீட்டருக்குச் சுமார் 1 டெசிபெல் (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) விழுங்கும். அதாவது ரூட்டர் அனுப்புவதில் மூன்றில் ஒரு பங்குதான் டப்பாவுக்குப் போய்ச் சேரும்.

ஆகவே ரேடியோவும் ஆன்டெனாவும் ஒரே பெட்டியில் உள்ள 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறக் கருவியை ஜோடியாக வாங்குவதே லாபம். மேலே போவது நெட்வொர்க் வயர் மட்டும். 2018 முதல் இந்த அலைவரிசைக்கும் தனி உரிமம் தேவையில்லை. கருவி ஒப்புதல் பெற்றதாக இருந்தால் போதும்.

வீட்டு ரூட்டரையே பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மாடியில் வைத்து, நெட்வொர்க் வயருக்குள் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளில் சும்மா கிடக்கும் இரண்டு ஜோடிகளில் 12 வோல்ட் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். 30 மீட்டரில் 1 ஆம்பியர் ஓடினால் நல்ல செம்பு வயரிலேயே இரண்டரை வோல்ட் இறங்கிவிடும். ராத்திரி எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் ரூட்டர் அணைந்து அணைந்து எரிவது இதனால்தான். விலை மலிவு என்று தலையில் கட்டப்படும் வயர் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம்; அதில் இன்னும் மோசம். கம்பி நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வாங்காதீர்கள்.

ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்று வேறு. வயரை இணைப்புக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் பசையை இணைப்பில் பூசக் கூடாது. அதிலுள்ள அமிலம் செம்பைப் பச்சையாக்கிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினால் போதும்.

டப்பா செய்தே தீருவேன் என்பவர்கள், யுஎஸ்பி வைஃபை குச்சியையே அந்த 51 மி.மீ. இடத்தில் செருகட்டும்; சிக்னலை விழுங்கும் ஆர்ஜி-58 தேவைப்படாது. யுஎஸ்பி வயர் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். துளை போட்ட விளிம்பில் துரு முதலில் பிடிக்கும். அங்கே பெயின்ட் அடித்துவிடுங்கள்.

ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை - 13