விட்ட பிறகு வந்த இருமல்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. சித்தப்பா வீட்டுக் கல்யாணம், அப்புறம் பேரனுக்குக் காய்ச்சல் என்று பதில் தள்ளிப்போனது. தென்காசிப் பக்கம் சாரல் ஆரம்பித்தாயிற்று. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம்; கூட்டத்துக்குப் பயந்து நான் இன்னும் போகவில்லை. முழங்கால் வலி அப்படியேதான். நீ சிகரெட்டை விட்டுவிட்டாய் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

ஆனால் கடைசியில் நீ எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. குடித்துக்கொண்டிருந்தபோது காலையில் மட்டும்தான் இருமல், விட்ட பிறகு நாளெல்லாம் இருமல், சளியும் கட்டிகட்டியாக வருகிறது, பேசாமல் நாளைக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். நெஞ்சுநோய்ப் பிரிவில் மூச்சை ஊதவைத்து நுரையீரல் பலத்தைப் பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே என் உத்தியோகம் முழுக்க ஓடியது உனக்குத் தெரியும். இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள்.

மூச்சுக்குழாயின் உட்புறம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. மூச்சோடு போகிற தூசி சளியில் ஒட்டிக்கொள்ளும். இந்த இழைகள் ஓயாமல் அசைந்து அந்தச் சளியைத் தொண்டை வரைக்கும் ஏற்றிவிடும். நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம். சிகரெட் புகை இந்த இழைகளை மந்தமாக்குகிறது, நாள்பட்டால் உதிரவும் செய்கிறது. போதாக்குறைக்குச் சளிச் சுரப்பிகள் பெருத்து முன்னைவிட அதிகமாகச் சுரக்கின்றன. கூட்டுகிற ஆள் படுத்துவிட்டான், குப்பையோ இரட்டிப்பு என்கிற கதை. இருமித் தள்ளுவதைத் தவிர நெஞ்சுக்கு வேறு வழி ஏது?

ராத்திரி தூங்கும்போது புகை இல்லை. இழைகள் கொஞ்சம் தெளிந்து வேலையை ஆரம்பிக்கும். விடிகாலையில் உன் தெருவையே எழுப்பிய அந்த இருமல் அதனால்தான். நீ டீயோடு ஒன்றைப் பற்றவைப்பாய், கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கும், "தம் போட்டாத்தான் நெஞ்சு சுத்தமாகுது" என்பாய். சுத்தமாகவில்லை மாப்ளே, நடந்துகொண்டிருந்த வேலை நின்றுபோனது, அவ்வளவுதான். இப்போது நிறுத்த ஆள் இல்லை, அதனால் நாள் முழுக்க நடக்கிறது. இன்னொன்றும் உண்டு. புகைப்பவர்களுக்கு இருமல் உணர்ச்சியே சற்று மழுங்கியிருக்கும், விட்ட பிறகு அது திரும்பக் கூர்மையாகிறது என்று சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இப்படி இருமல் கூடுவதில்லை. கூடினாலும் பெரும்பாலும் சில வாரம்தான். அப்புறம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 5 வருடம் கழித்துப் பார்த்தால், விட்டே விட்டவர்களிடம் இருமல், சளி, இளைப்பு, மூச்சு வாங்குவது எல்லாமே மற்றவர்களைவிடக் குறைவு. அந்த மாற்றம் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வந்துவிட்டது. நீ இன்னும் முதல் மாதத்தைக்கூடத் தாண்டவில்லை.

உன் நெஞ்சு பழையபடி ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மெஷினில் ஊதவைக்கும்போது நாங்கள் மூக்கில் கிளிப்பை மாட்டி, குழாயை வாயில் கொடுத்து, "நல்லா இழுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்துவோம். ஆறு விநாடியாவது ஊத வேண்டும். நல்ல நெஞ்சு முதல் விநாடியிலேயே முக்கால் பங்குக் காற்றை வெளியே தள்ளிவிடும். பீடி குடித்துக் குடித்துப் போன நெஞ்சு அப்படியில்லை. கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், தாளில் கோடு மட்டும் ஏறவே ஏறாது. ஊதி முடித்ததும் அந்த மனிதர் தாளைப் பார்க்க மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார்.

அந்த முதல் விநாடிக் காற்று வயதானால் எல்லோருக்கும் குறையும். மேலே சொன்ன அதே ஆய்வில் 11 வருடம் பார்த்தார்கள். ஆண்களில், ஆரம்பத்திலேயே விட்டவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 30 மில்லி குறைந்தது, தொடர்ந்து குடித்தவர்களுக்கு 66 மில்லி. போனது வராது, போகிற வேகம் பாதியாகும். எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் படுகிறது. பிரிட்டனில் டாக்டர்களையே 50 வருடம் தொடர்ந்து பார்த்த கணக்கில், 60 வயதில் விட்டவர்களுக்கும் ஆயுள் சுமார் 3 வருடம் கூடியது. நம் வயதுக்கு அது போதாதா?

சரி, சிகரெட் ஆசையை அடக்க மெல்லுகிற அந்த நிக்கோட்டின் கம் விஷயம். தங்கச்சி போனில் சொன்னாள், நீ அதை பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே டீ குடிக்கிறாயாம். தொண்டை கரிக்காமல், விக்கல் வராமல் என்ன செய்யும்? மெதுவாக மெல்லு, காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கி வை, காரம் போனதும் மறுபடி மெல்லு. டீ, காப்பி குடித்துக் கால் மணி நேரமாவது கழித்துப் போடு, இல்லாவிட்டால் நிக்கோட்டின் வாயில் சரியாக ஏறாது. தடுமாற்றமாக இருந்தால் சிகரெட் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறானே, 1800-11-2356, அதற்குக் கூப்பிடு. காசு கிடையாது.

இருமலை அடக்குகிற சிரப்பை நீயாகக் கடையில் வாங்கிக் குடிக்காதே. சளி வெளியே வரட்டும். வீட்டில் கொசுவர்த்தியையும் கொஞ்ச நாள் ஏற்றாமல் இரு.

இவ்வளவு சொன்னதற்காக எல்லாப் பழியையும் சிகரெட் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும், அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான். புகைத்த நெஞ்சைக் காசநோய் சுலபமாகப் பிடிக்கும். தமிழ்நாட்டிலேயே இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்து 2003இல் ஓர் ஆய்வு வந்தது. இந்தியாவில் காசநோயால் சாகிற ஆண்களில் பாதிப் பேருக்குப் புகைதான் காரணம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். சளியில் ரத்தம், எடை குறைவது, குரல் கம்மியே இருப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் போன முறை எடுத்ததையும் கொண்டு போ, ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அப்படியே ஒரு தடவை ஊதியும் பார்த்துவிடு.

பிரஷர் மாத்திரை ஏதோ மாற்றிக் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அது என்ன மாத்திரை? எனலாப்ரில், ராமிப்ரில் வகை சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். உனக்குச் சளியோடு வருவதால் அதுவாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் டாக்டரிடம் கேள். நீயாக நிறுத்திவிடாதே. அட்டையில் இருக்கிற பேரைப் பார்த்து எனக்கும் எழுது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ஆடி முடிந்ததும் கோயம்புத்தூர் வருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே