பாறு கழுகும் நான் போட்ட ஊசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக ஆய்வுகளால் சாமானியனுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை, எல்லாம் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும்தான் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோபம் புரிகிறது. ஆனாலும், என் தொழிலையே மாற்றிய ஓர் ஆய்வைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளன். சத்தியமங்கலத்தைச் சுற்றிய ஊர்களில்தான் பெரும்பாலும் வேலை. வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் டைக்ளோஃபினாக் ஊசி எங்கள் கைக்கு வந்தபோது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. மடிவீக்கம் கண்ட பசு, கால் ஊன்ற முடியாத எருது, காய்ச்சலில் தீவனம் எடுக்காமல் படுத்துவிட்ட கிடேரி, எதுவானாலும் ஊசி போட்டுவிட்டு வந்தால் மறுநாள் காலையில் எழுந்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். விலையும் மலிவு. எத்தனை மாடுகளுக்குப் போட்டேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அதே வருடங்களில்தான் வானத்தில் பாறு கழுகுகள் குறைந்துகொண்டே வந்தன. முன்பெல்லாம் மாடு ஒன்று செத்துக் கிடந்தால் கூட்டமாக இறங்கும். அப்புறம் நாய்கள் மட்டும்தான் வந்தன. நானும் பார்த்தேன். என் பையிலிருந்த மருந்தையும் அந்தப் பறவையையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

சேர்த்து யோசித்தவர்கள் ஆய்வாளர்கள். ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980களிலேயே பாறுகளின் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1990களில் மறுபடி எண்ணியபோது பாதிக்கு மேல் காணவில்லை. கழுகுக் கூட்டை எண்ணுவதால் யாருக்கு என்ன லாபம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கடினம். ஆனால் அந்தப் பழைய எண்ணிக்கை இல்லையென்றால், எவ்வளவு போய்விட்டது என்பதே தெரிந்திருக்காது.

ஏதோ கிருமிதான் காரணம் என்று முதலில் சந்தேகித்தார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் லிண்ட்சே ஓக்ஸும் அவர் குழுவினரும் பாகிஸ்தானின் பஞ்சாபில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தார்கள். கிருமி எதுவும் சிக்கவில்லை. உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து அவர்கள் செய்த காரியத்தை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. கால்நடை மருத்துவர்களிடமும் மருந்து விற்பவர்களிடமும் போய், மாடுகளுக்கு என்னென்ன மருந்து போகிறது, அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது என்று விசாரித்தார்கள். சந்தேகம் டைக்ளோஃபினாக்கில் வந்து நின்றது. சோதித்தால், சிறுநீரகம் கெட்டுச் செத்த பறவைகள் அத்தனையிலும் அது இருந்தது. வேறு காரணத்தால் செத்தவற்றில் இல்லை. 2004-இல் இதை வெளியிட்டார்கள்.

ஒரு மாட்டைப் பல பாறுகள் கூடித் தின்னும். அதனால் நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து தங்கியிருந்தாலே அந்த இனம் சரிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில், இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் மிஞ்சியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நூற்றில் ஒன்று நான் ஊசி போட்ட மாடாகவும் இருந்திருக்குமே.

சரி, மாட்டின் வலிக்கு வேறு வழி? அதையும் ஆய்வுதான் தந்தது. மெலாக்சிகம் மருந்தைத் தென்னாப்பிரிக்காவில் முதலில் அங்குள்ள பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. 2006-இல் இந்தியா கால்நடை டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகள் மாட்டுக் கொட்டகைக்கு வந்துகொண்டே இருந்ததால், 2015-இல் ஒரு புட்டியில் 3 மில்லிக்கு மேல் கூடாது என்றார்கள். 2017-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைக்குக் கூடாது என்றாகிவிட்டது.

பறவை போனால் மனிதனுக்கென்ன என்பவர்களுக்கு இன்னொன்று. இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாறுகள் அழிந்த இடங்களில் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்பது 2024-இல் வெளியான அவர்களுடைய மதிப்பீடு. அழுகும் சடலம், கெட்ட தண்ணீர், பெருகிய தெருநாய், வெறிநோய் என்று சங்கிலி நீள்கிறது. மும்பைப் பார்சிகள் இறந்தவர் உடலைப் பாறுகளுக்குக் கொடுக்கும் தங்கள் வழக்கத்துக்குப் பறவை இல்லாமல், வெயிலைக் குவிக்கும் கருவிகளை வைக்க வேண்டி வந்தது. சங்கப் பாடல்களில் பாறும் எருவை என்னும் கழுகும் பறக்கின்றன. கழுகின் பெயரிலேயே ஊர் வைத்தவர்கள் நாம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் குருக்கள் கையால் சோறு உண்ண வந்த இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் 1990களோடு வராமல் போனதைச் சொல்லும்போது அந்த ஊர்ப் பெரியவர்களின் குரல் தழுதழுப்பதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த வாசகர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. ஆய்வு நம்மிடம் வந்து சேரத் தாமதமாகிறது. தடை பற்றிய சுற்றறிக்கை என் கைக்கு ஆங்கிலத்தில்தான் வந்தது. ஊசி போடுகிறவர், மாடு வைத்திருக்கிறவர், கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பையன் ஆகிய மூவரும் தமிழில் படிக்கிறவர்கள். கீட்டோபுரோஃபென் கூடாது என்பது இன்றும் எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. கேட்டால், "அதுவுமா சார்?" என்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வேளாண் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, கால்நடைக்குக் கூடாத வலி ஊசிகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பக்கத்திலேயே, மெலாக்சிகம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லி ஒரு வரி. கத்தரித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்; எங்கள் ஊரில் நானே ஒட்டிவிடுகிறேன். எங்கள் பக்கத்து மாயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் ஐப்பசி வாக்கில் கூடு கட்டத் தொடங்கும். அதற்கு முன் வெளிவந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
சத்தியமங்கலம்.