ரூத்தைப் பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதைப் படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை ஒரு வரி விடாமல் படித்து எனக்கும் வாசித்துக் காட்டுகிறார், தப்பிக்க வழியில்லை.

சரி, சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேச, பைபிளில் வரும் ரூத்தைப் பற்றி எழுதச் சொன்னாய். புருஷனை இழந்த மோவாப் தேசத்துப் பெண், மாமியார் நகோமியோடு அவள் ஊரான பெத்லெகேமுக்கு வந்தவள். மாமியாரை விடமாட்டேன் என்று ரூத் சொல்லும் "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்ற இடத்திலேயே நிறுத்திவிடாதே. அதை எல்லாரும் பேசியாயிற்று. அதே அதிகாரத்தின் கடைசியைப் பார். இரண்டு பேரும் பெத்லெகேம் வந்து சேர, ஊரே திரண்டு "இவள் நகோமியா?" என்கிறது. நிறைவாகப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாகத் திரும்பி வரப்பண்ணினார் என்று, புருஷனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் பறிகொடுத்த நகோமி புலம்புகிறாள். பக்கத்திலேயே ரூத் நிற்கிறாள்! பிறந்த ஊரையே விட்டு வந்தவளை மாமியார் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதற்கு ரூத் ஒரு வார்த்தை சொன்னதாக இல்லை. அடுத்து அவள் கேட்பது, கதிர் பொறுக்கப் போகட்டுமா என்பதுதான். எனக்கு அந்தப் பெரிய வசனத்தைவிட இந்த மௌனம்தான் பெரிதாகத் தெரிகிறது.

பாதி வழியில் திரும்பிப் போன இன்னொரு மருமகள் ஒர்பாளைத் திட்டிப் பேசாதே, தயவுசெய்து. தாய் வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னதே நகோமிதான். செத்தவர்களுக்கும் எனக்கும் தயை செய்தீர்கள் என்று அவள் வாழ்த்தியதும் இரண்டு பேரையும் சேர்த்துத்தான். ஒர்பாள் அழுதாள், முத்தமிட்டாள், போனாள். பெரியவள் சொல் கேட்டவளை நம் பிரசங்கிமார் ஏன் இப்படிக் காய்ச்சுகிறார்களோ.

அப்புறம் அந்தப் பேர் தெரியாத உறவுக்காரன். ரூத்தைக் கடைசியில் மணந்த போவாஸைவிட நெருங்கிய சுதந்தரவாளி, அதாவது செத்தவனின் நிலத்தை மீட்கும் உரிமையுள்ள உறவுக்காரன், அவன்தான். நிலம் என்றதும் மீட்டுக்கொள்கிறேன் என்கிறான். அதோடு ரூத்தும் வருகிறாள், செத்தவன் பேரை நிலைநிறுத்த வேண்டும் என்றதும் என் சுதந்தரம் கெட்டுவிடும் என்று கழன்றுகொள்கிறான். மோசேயின் சட்டப் புத்தகமான உபாகமம் 25-ல் சட்டம் இருக்கிறது: பிள்ளையில்லாமல் செத்தவனின் மனைவியை அவன் சகோதரன் சேர்த்துக்கொள்ள வேண்டும், மறுத்தால் மூப்பர் முன்னிலையில் அவள் அவன் செருப்பைக் கழற்றி முகத்தில் துப்புவாள். ஆனால் இவனோ போவாஸோ ரூத்தின் செத்த புருஷன் மக்லோனின் கூடப்பிறந்தவர்கள் என்று கதை சொல்லவில்லை. அதனால் இவனைத் துப்பவும் ஆளில்லை. தானே செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். சட்டப்படி அவன்மேல் குற்றம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் செத்தவன் பேருக்காக இத்தனை பாடுபடும் கதையில் இவன் பேரை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். குசும்புதான்!

நகோமியின் அந்தப் புலம்பலுக்குப் பதில் நாலாம் அதிகாரத்தில் வருகிறது. சொல்வது ரூத் அல்ல, ஊர்ப் பெண்கள். ஏழு பிள்ளைகளைவிட உன் மருமகள் உனக்கு மேல் என்கிறார்கள். மகன்களே சொத்து என்றிருந்த காலத்தில், அதுவும் ஒரு மோவாபியப் பெண்ணைப் பற்றி. மோவாபியன் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது என்று அதே உபாகமம் 23-ல் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல். கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

நேரம் இருந்தால் 1 சாமுவேல் 22-ஐயும் எடுத்துக்கொள். சவுல் ராஜாவுக்குத் தப்பி அதுல்லாம் குகையில் இருந்த தாவீது தன் தாய் தகப்பனை மோவாப் ராஜாவிடம் கொண்டுபோய் விடுகிறான். ஏன் மோவாப் என்று அங்கே காரணம் எழுதவில்லை. ஆனால் தாவீதின் தகப்பன் ஈசாய்க்கு அது அப்பாவைப் பெற்ற பாட்டி ரூத்தின் ஊர். வயதான காலத்தில் அந்த உறவு தேடி அங்கே போனார்கள் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

எத்தனை நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுது. இருபது என்றால் செருப்புக் கதையைச் சுருக்கிவிடு, நகோமியை விடாதே.

அன்புடன்,
கிரேஸ்