கடிகாரம் வேணாம், தெர்மாமீட்டர் போதும்

ஆசிரியருக்கு வணக்கம். பெல்லட் கிரில்ல (மரத்தூள அழுத்தி செஞ்ச சின்ன கட்டைய எரிச்சு சமைக்கிற அடுப்பு) மாட்டு விலா எலும்பு ஸ்மோக் பண்றத, அதாவது புகையில மெதுவா வேக வைக்கிறத பத்தி உங்க சமையல் பக்கத்துல போட்டிருந்தீங்க, நல்லாதான் இருந்துச்சு, ஆனா 6 மணி நேரத்துல ரெடின்னு அடிச்சு சொன்னது சரியில்லங்க. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கனம், நேரத்த வச்சு எப்படி சொல்ல முடியும்?

கிரில் சூட்ட 120 டிகிரி செல்சியஸ் வாக்குல வச்சா கறியோட உள்சூடு 70 கிட்ட வந்து அப்படியே நின்னுடும், சில சமயம் மணிக்கணக்கா, மேல இருக்குற ஈரம் ஆவியாகி கறிய குளுர வைக்கிறதுதான் காரணம், கிரில் ரிப்பேர்னு நெனச்சு பதறாதீங்க. 95 கிட்ட போறதுக்குள்ள கறிய இறுக்கமா வைக்கிற கொலாஜன்ங்கிற புரதம் உருகி மெத்துன்னு ஜெலட்டினாயிடும், அப்ப தெர்மாமீட்டர் குச்சிய குத்துனா தடையே இல்லாம எறங்கணும், அதுதான் பதம்.

மசாலா லிஸ்ட் எதுக்கு அவ்ளோ நீளம்னு புரியல, உப்பும் மிளகும் தாராளமா போதும் (இது என் கட்சி). பெல்லட் கிரில்ல புகை கம்மிதான், ஆரம்பத்துல சூட்ட கொறச்சு வச்சா கொஞ்சம் கூடும். ஃபாயில்ல சீக்கிரமே சுத்திட்டா மேல் மொறுமொறுப்பு போயிடும். எடுத்ததும் வெட்டாம ஒரு மணி நேரமாவது மூடி வைக்கணும், அந்த வரியே கட்டுரையில காணோமே சார்.

இப்படிக்கு,
உங்க வாசகர்