பெற்றோர்களுக்கு: அரையாண்டு விடுமுறைக்கு முன் சில செய்திகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மழைக்கு விட்ட விடுமுறையெல்லாம் போக, பாடங்களை ஒருவழியாக முடித்துவிட்டோம். கலைத்திருவிழாவில் நம் பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். எட்டாம் வகுப்புக்குத் திறனாய்வுத் தேர்வுப் பயிற்சி சனிக்கிழமைகளில் நடக்கிறது. கைகழுவும் இடத்தில் புதுக் குழாய் போட்டாயிற்று. எல்லாருக்கும் பாராட்டுகள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பொன்னுக்கு வீங்கி. மூன்றாம் வகுப்பில் தொடங்கியது, இப்போது ஏழாம் வகுப்பில் நிற்கிறது. நடுவில் உள்ள வகுப்புகளை அது தொடவே இல்லை. எப்படித் தாண்டிப் போனது என்று எங்களுக்கே புரியவில்லை.

விடை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. வானவில் மன்றம் என்ற அறிவியல், கணக்கு மன்றத்தின் செயல்பாடாகக் கணக்கு டீச்சர் ஒரு வரைபடம் போடச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நேற்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், யாரோடு சாப்பிட்டாய், யாரோடு வந்தாய் என்று கேட்டுப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார்கள். வகுப்புக்குள் கோடுகள் நெருக்கமாக விழுந்தன. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே மிகக் குறைவு. விளையாட்டு மைதானத்தில் எல்லாரும் கலப்பதாக நாங்கள் நினைத்திருந்தோம். அங்கேயும் அவரவர் கூட்டம்தான். மூன்றையும் ஏழையும் இணைத்த கோடுகள் இரண்டே வகை: ஒரே வீட்டு அக்கா தம்பி, அப்புறம் காலையில் மடிமேல் மடியாக உட்கார்ந்து வரும் ஆட்டோ.

இது நம் ஊர் விசேஷம் இல்லை. பிரான்சில் லியோன் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 2009இல் 232 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மார்பில் மின்னணு அட்டை மாட்டிக்கொண்டார்கள். யார் யாருக்கு எதிரே நெருங்கி நிற்கிறார் என்று அது இரண்டு நாள் பதிவு செய்தது. 77,602 சந்திப்புகள். அங்கேயும் பெரும்பகுதி ஒரே வகுப்புக்குள்தான்.

இனிக் கணக்கு. ஒரு பிள்ளை எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கும்? ஒரு நாளில் எத்தனை பேரோடு நெருங்குகிறது, நெருங்கினால் ஒட்டும் வாய்ப்பு எவ்வளவு, எத்தனை நாள் அப்படி நடமாடுகிறது என்ற மூன்றையும் பெருக்க வேண்டும். சராசரி விடை ஒன்றுக்குக் கீழே இறங்கினால் நோய் தானே அடங்கும். இந்த வகைக் கணக்கை 1927இலேயே ஸ்காட்லாந்தில் கெர்மாக், மெக்கென்றிக் என்ற இருவர் போட்டுவிட்டார்கள். அதற்கு மூன்று வருடம் முன்புதான் கெர்மாக் ஆய்வக விபத்தில் பார்வையை இழந்திருந்தார். (பிள்ளைகள் கணக்கைவிட இந்தக் கதையைத்தான் திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.)

தோளில் கை போடாதே என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? நம் கையில் இருப்பது நாள் கணக்கு ஒன்றுதான். வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே இது பரவத் தொடங்கிவிடும்; அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வீக்கம் தெரிந்த பிறகும் ஐந்து நாள் பரவும்; அந்த நாள்களில் பிள்ளையை வீட்டில் நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். வயல் வேலை, நூறு நாள் வேலை, பீடிக் கடைக்குக் கணக்கு ஒப்படைக்கும் நாள், எதையும் தள்ளிப்போட முடியாது. பரீட்சை நேரம் வேறு. ஆனாலும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து, கன்னத்தில் பற்றுப் போட்டு, ஆச்சியின் தங்கச் சங்கிலியையும் கழுத்தில் மாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது சரியில்லை. சங்கிலி தொலைந்தால் யார் பதில் சொல்வது என்பது தனிக் கவலை.

ஆகவே நேராகச் சொல்கிறேன். வீக்கத்தோடு வரும் பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்க மாட்டோம். போன் செய்வோம்; உடனே வந்து கூட்டிப்போக வேண்டும். ஐந்து நாள் முடியாமல் ஆட்டோவிலும் ஏற்றக் கூடாது. "சின்னப் பிள்ளைக்கு வந்துபோவதுதானே" என்று சிலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அரிதாகக் காது கேளாமல் போவதுண்டு. வயதுக்கு வந்த பையன்களுக்கு விரை வீக்கம் வரலாம். அதே ஆட்டோவில் பெரிய வகுப்புப் பையன்களும் வருகிறார்கள்.

நோய்க்காக எடுத்த விடுப்பு முழு வருகைப் பரிசைப் பாதிக்காது. விட்டுப்போன தேர்வை விடுமுறைக்குப் பின் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒட்டியவருக்கு வீக்கம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், விடுமுறையிலும் கன்னத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். தெரிந்தால் வகுப்பாசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சொல்லாமலேயே பிள்ளையை வீட்டில் நிறுத்தியவர்கள் உங்களில் பலர். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அம்மாக்கள் உண்டு. ஆட்டோக்கார அண்ணன் ஒருவர் கூடுதல் காசு கேட்காமல் சின்னப் பிள்ளைகளைத் தனி நடையாகக் கொண்டுவருகிறார். எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வரைபடம் அலுவலக அறைக்கு வெளியே ஒட்டியிருக்கிறது. மதிப்பெண் அட்டை வாங்க வரும்போது பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்