டப்பாவுக்குள் ஈரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ வந்து சேர்ந்ததும் காலை வேளைச் சமையலறை உன் கைக்கு வந்துவிடும். சின்னவனின் மதியச் சாப்பாட்டு டப்பாவும் அதில் சேர்த்தி. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதி அனுப்புகிறேன். விமானத்தில் படித்துக்கொண்டே வா.

இங்கே பள்ளியில் சாப்பாட்டு வேளை எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து கொண்டுபோனதை அப்படியே சாப்பிட வேண்டும். யாரும் சூடு பண்ணித் தர மாட்டார்கள். அரை மணி இடைவேளை என்று பேர்தான். வரிசையில் போய், இடம் பிடித்து, மூடியைத் திறந்து உட்காரும்போது மிஞ்சுவது 15 நிமிடம். பெரிய கூடம், காது அடைக்கிற சத்தம், பக்கத்துப் பிள்ளையின் டப்பாவிலிருந்து வரும் வாசனை. கை கழுவும் குழாய் வெளியே இருக்கிறது. கூடத்தில் நிற்கும் ஆசிரியை பார்த்துக்கொள்வார், ஊட்டிவிட மாட்டார். கடலை, முந்திரி, பாதாம் எதுவும் டப்பாவில் வரக்கூடாது. வேறு பிள்ளைக்கு ஒவ்வாமை இருக்கலாம் என்று பள்ளியே தடை போட்டிருக்கிறது.

விரலில் பிசுபிசுப்பு பட்டால் துடித்துப்போகும் பிள்ளை அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இது அடம் இல்லை அம்மா, செல்லமும் இல்லை. நனைந்த சாக்ஸோடு நாள் முழுக்க நடந்தால் நமக்கு எப்படி இருக்கும்? வேறு எதிலும் மனசு போகாது. ஜாம் ஒட்டிய விரல் அவனுக்கு அப்படி. ஒரு சாப்பாடு இன்னொன்றின் மேல் பட்டாலும் அதே கதைதான். பட்ட துண்டை ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிட மாட்டான், டப்பா முழுக்க அவனுக்குக் கெட்டுப்போனதுதான்.

இதில் ஒன்றை நன்றாக மனசில் வைத்துக்கொள். டப்பாவை மூடுவது காலை ஏழரைக்கு, அவன் திறப்பது பன்னிரண்டரைக்கு. நடுவில் இருக்கும் 5 மணி நேரத்தில் உள்ளே ஈரம் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் காய்ந்திருந்த ரொட்டி மதியம் நமுத்துப்போகும், தனியாக நின்ற பழத்துண்டு தண்ணீர் விட்டிருக்கும். ‘நேற்று வீட்டில் சாப்பிட்டானே, இன்றைக்கு ஏன் தொடவில்லை?’ என்று நீ கேட்பாய். நேற்று அவன் சாப்பிட்ட பண்டம் வேறு, மதியம் டப்பாவில் இருந்த பண்டம் வேறு. எதை வைக்கிறோம் என்பதைவிட எவ்வளவு உலர வைக்கிறோம் என்பதுதான் பெரிய வேலை.

சூடாக எதையும் போட்டு மூடாதே. ஆவி மூடியில் முட்டி, முத்து முத்தாகச் சேர்ந்து திரும்ப உணவின் மேலேயே சொட்டும். அகலமான தட்டில் பரப்பி 15, 20 நிமிடம் ஆறவிடு. டப்பாவில் போட்டபின் டிஷ்யூ காகிதத்தை இரண்டாக மடித்து மூடிக்கு அடியில் வைத்து மூடு, மிச்ச ஆவியை அது குடித்துக்கொள்ளும். ஆறட்டும் என்று சாதத்தை நெடுநேரம் மேசையிலேயே மறந்துவிடவும் கூடாது. அரிசியில் இருக்கும் ஒரு கிருமியின் விதை வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் கிடந்தால் பெருகி வாந்தி, பேதியில் கொண்டுபோய் விடும். சமைத்து ஒரு மணி நேரத்துக்குள் குளிருக்குப் போய்விட வேண்டும்.

பைக்குள் ஐஸ் பேக் கட்டாயம். அதுவும் வியர்க்கும் என்பதை மறந்துவிடாதே. டப்பாவின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் டப்பாவையே தொடமாட்டான். ஐஸ் பேக்கைப் பருத்தித் துணியில் சுற்றி, டப்பாவின் மேல் வை. குளிர் கீழே இறங்கும், அதனால் அடியில் வைப்பதைவிட மேலே வைப்பது மேல்.

ரொட்டிக்கு வெண்ணெயை நடுவில் மட்டும் தடவாமல், இரண்டு துண்டிலும் ஓரம் வரை மெல்லிசாகப் பூசு. உள்ளே வைப்பதன் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் அந்தக் கொழுப்புப் படலம் தடுக்கும். தக்காளியும் வெள்ளரியும் பள்ளிக்கு வேண்டவே வேண்டாம், வீட்டில் உடனே சாப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஓரங்களை வெட்டி எறியாதே. பிள்ளைகளுக்கு ஓரம் பிடிக்காது என்று இங்கே நிறையப் பேர் வெட்டிவிடுகிறார்கள். இவனுக்கோ அந்த ஓரம்தான் கைப்பிடி, ரொட்டியிலேயே உலர்ந்த இடம் அதுதான். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் ஓரம் நிற்கிற மாதிரி நான்காக வெட்டு. நான்கு விரல் அகலத்துக்கு பட்டர் பேப்பர் கிழித்து, அடிப்பக்கத்தை மேலே மடித்து, துண்டைச் சுற்றிவிடு. உள்ளிருப்பது வழிந்தாலும் காகிதத்துக்குள் விழும், விரலுக்கு வராது.

ஆப்பிள் கறுத்தாலும் தொடமாட்டான். எலுமிச்சை பிழிந்தால் கறுக்காது, ஆனால் புளிக்கும், ஒட்டும். ஒரு கப் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து அதில் துண்டுகளை 5 நிமிடம் போட்டு எடு. நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசு. பிறகு ஒவ்வொரு துண்டையும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவோம், மதியம் பழம் அப்படியே திரும்பி வரும்.

டப்பாவைப் பற்றி. அறை அறையாகப் பிரித்த டப்பா பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பள்ளிப்பை கொக்கியில் தொங்கும்போது டப்பா செங்குத்தாக நிற்கும் என்பதைக் கடைக்காரன் சொல்ல மாட்டான். மூடியின் உட்பக்கம் ஒவ்வொரு தடுப்புச் சுவரின் தலையிலும் அழுந்தி உட்காராவிட்டால், ஒரு அறையின் சாறு அடுத்த அறைக்குப் போய்விடும். சோதிப்பது சுலபம். ஒரு அறையில் மட்டும் தண்ணீர் ஊற்றி மூடி, ஒரு நிமிடம் செங்குத்தாகப் பிடித்துத் திற. பக்கத்து அறை உலர்ந்திருந்தால்தான் அதை நம்பலாம். சிலிகான் கிண்ணங்களுக்கு மேல்மூடி கிடையாது, அவை கவிழ்ந்துவிடும். தயிர், வெட்டின பழம், தொட்டுக்கொள்கிற எதுவானாலும் திருகுமூடி போட்ட 100 மில்லி குட்டி டப்பாவில் தனியாகப் போகட்டும். காய்ந்த பண்டங்கள் மட்டும் பெரிய டப்பாவில். மூடியின் ரப்பர் வளையத்தை வாரம் ஒரு தடவை கழற்றித் தேய்த்துக் காயவை. பூஞ்சை அதற்கு அடியில்தான் பிடிக்கும், அந்த நாற்றம் நமக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

கையால் எடுத்துச் சாப்பிடு என்று இங்கே யாரும் வற்புறுத்துவதில்லை, நீயும் வேண்டாம். முள்கரண்டி இரண்டு வை. ஒன்று கீழே விழும், அல்லது பிடியில் ஏதாவது ஒட்டிக்கொள்ளும், அதோடு சாப்பாடு நின்றுவிடும். துண்டுகள் 2 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். பெரிதாக இருந்தால் வழியில் விழும், சிறிதாக இருந்தால் குத்த வராது. நூடுல்ஸை விரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கிவிடு, நீளமாக இருந்தால் நுனி தாடையில் அடிக்கும். தாடையும் உதடும் அவனுக்கு விரல் மாதிரிதான்.

சூடாகக் கொடுக்க வேண்டிய நாளில் வாயகன்ற பிளாஸ்க். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி 10 நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, உள்ளே துடைத்து, அடுப்பிலிருந்து இறக்கியதும் சாப்பாட்டை நிரப்பு. பாதி நிரப்பினால் இரண்டு கெடுதல். ஒன்று, சீக்கிரம் ஆறிவிடும். இன்னொன்று யாருக்கும் தோன்றாது: அடியில் இருப்பதை எடுக்கக் கையை உள்ளே விடும்போது விரல் முட்டி விளிம்பில் உரசும். அங்கே ஒட்டியிருப்பது கையில் படும், அத்தோடு அன்றைய சாப்பாடு முடிந்தது. கழுத்து வரை நிரப்பி, விளிம்பைத் துடைத்து, நீளக் காம்புக் கரண்டி வை. சாப்பாடு குறைவாக இருந்தால் சின்ன பிளாஸ்க் எடு.

மேலே தகடு ஒட்டிய தயிர்க் கப்பை அப்படியே அனுப்பாதே. உரிக்கும்போது தெறிக்கும். புது டப்பா எதுவானாலும் முதலில் வீட்டில் அவனே நாலைந்து தடவை திறந்து மூடிப் பழகட்டும். டப்பாவோடு இரண்டு துணி போகும், ஒன்று ஈரம், தனி உறையில், வாசனை எதுவும் இல்லாமல், இன்னொன்று உலர்ந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் உலர்ந்ததால் ஒற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த ஈரமே அடுத்த தொல்லை.

அளவு கொஞ்சமாகவே வை. 15 நிமிடத்தில் சாப்பிடக்கூடியது நீ நினைப்பதில் பாதிதான், பள்ளி விட்டு வந்ததும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம். வைப்பதெல்லாம் அவன் நிச்சயமாகச் சாப்பிடுகிறவையாகவே இருக்கட்டும். புதுசாக ஒன்று வைக்க ஆசைப்பட்டால் ஒரே ஒரு துண்டு, தனி மூடி டப்பாவில். திறக்காமல் கொண்டுவந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடு. பத்துப் பதினைந்து தடவை அப்படியே திரும்பி வரலாம், வாயே திறக்காதே. எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர் வேலை, எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் வேலை என்று எலின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் பிரித்துச் சொல்கிறார். எனக்கு அதைவிடச் சரியான கணக்கு தெரியவில்லை. இன்னொன்று, பிடித்ததற்குள் காயை ஒளித்து வைக்காதே. கண்டுபிடித்துவிட்டால் காயோடு சேர்த்து, இத்தனை நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தப் பண்டமும் போய்விடும்.

தொட்டுப் பழகுவதெல்லாம் வீட்டில், பசி இல்லாத நேரத்தில். முதலில் உலர்ந்த அரிசியைக் கையால் அளையட்டும், பிறகு பருப்பு, பிறகு மாவு, கடைசியில்தான் ஈரமாவு. நடுவில் கை துடைக்க எழுந்தால் விட்டுவிடு.

சாயங்காலம் டப்பா திரும்பி வந்ததும் கழுவுவதற்கு முன் ஒரு நிமிடம் பார். மூடியே திறக்கவில்லை என்றால் அவனால் திறக்க முடியவில்லை. ரொட்டியில் ஒரு மூலை கடித்து நின்றிருந்தால் அந்த இடத்தைத் தொட்டுப் பார், ஈரம் இருக்கும். பழம் காலி, பக்கத்தில் இருந்தது அப்படியே என்றால் சாறு ஒழுகியிருக்கிறது. எல்லாமே பாதி பாதி என்றால் நேரம் போதவில்லை.

சாப்பிடும் பண்டங்கள் மொத்தமே இருபதுக்குள் சுருங்கினாலோ, எடை இறங்கினாலோ, அடிக்கடி குமட்டி ஓங்கரித்தாலோ அது டப்பா சமாச்சாரம் இல்லை, மருத்துவரிடம் போக வேண்டும். உணவின் தொடுகையும் மணமும் தாங்காமல் சாப்பாட்டையே குறைத்துவிடும் நிலைக்கு 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனிப் பெயரே இருக்கிறது. அவன் இப்போது அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறான், பயப்படாதே.

வரும்போது துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பழைய பருத்தித் துணி கொஞ்சம் பெட்டியில் போட்டுக்கொண்டு வா. கைக்குட்டை அளவில் கிழித்தால் பத்துப் பன்னிரண்டு வர வேண்டும். இங்கே கிடைக்கும் புதுத் துணி ஈரத்தைக் குடிக்கவே மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
உன் மகள்