கீசரை எத்தனை பாகையில் வைப்பது?

ஆசிரியருக்கு,

நுவரெலியா, ஹட்டன் பக்கம் குளிர் ஏறியதும் கீசர் திருகியை முழுதாகத் திருப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. மின்கட்டணம் ஒருபுறமிருக்க, 60 பாகை செல்சியஸ் நீர் ஐந்தே விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளின் தோலுக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை.

அதற்காகத் தொட்டி கீசரை 40-இல் வைப்பதும் சரியல்ல. 20 முதல் 45 பாகை வரை தேங்கும் நீரில் நுரையீரல் காய்ச்சல் தரும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். தொட்டியில் 60 இருக்கட்டும். குழாயில் வரும்போது குளிர்நீர் கலந்து தணியட்டும். தொட்டியில்லாத உடனடி ஹீட்டருக்கு இந்தக் கவலை இல்லை, 40 போதும்.

திருகியில் பெரும்பாலும் எண்ணே இராது, புள்ளிகள்தான். சுடுநீரை ஒரு நிமிடம் ஓடவிட்டு, கோப்பையில் பிடித்து வெப்பமானியால் அளந்து பாருங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது, 42-க்கு மேல் காட்டாது.)

வாளியில் குளிப்பவர்கள் பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்றவேண்டும். 15 பாகைத் தண்ணீர் அரை வாளி, 60 பாகை அரை வாளி சேர்ந்தால் ஏறக்குறைய 37. பிள்ளையைக் குளிப்பாட்ட அளவான சூடு. முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள்.

சூடேறும்போது பாதுகாப்பு வால்வில் நீர் சொட்டுவதைப் பழுதென்று நினைத்துச் சிலர் அடைத்துவிடுகிறார்கள். விரியும் நீருக்கு வேறு வழியின்றித் தொட்டியே வெடிக்கலாம்.

இப்படிக்கு,
மின்பணியாளர் ஒருவர்,
ஹட்டன்